கட்டிலில் பாதி கவுன்சிலருக்கு

புதன்கிழமை மத்தியானம் வானொலியில் எங்கள் மொழியில் ஆள்சேதி வாசிக்கிற நேரம். போன் எட்டாத மலைப் பக்கத்துக்கெல்லாம் சேதி அப்படித்தான் வந்து சேரும். யார் செத்தார்கள், யாருடைய கழுதை எந்த ஆற்றோரம் நிற்கிறது, யாருடைய மருமகள் எந்தத் திருப்பத்தில் வண்டியை விட்டு இறங்குவாள் என்று வாசித்துக்கொண்டே வந்தவர், குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் இதையும் வாசித்தார்:

“ஸ்பார்வாட்டர் ஊரில் இருக்கும் ஓட்டிலி காவோசெஸ் அவர்களுக்குக் காவல் நாய்ச் சங்கம் தெரிவிப்பது. ஆடுகளைக் காக்க உங்களுக்குக் கொடுத்த நாய், பட்டியில் தூங்காமல் உங்கள் கட்டிலில் தூங்குவதாகப் புகார் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆள் வருகிறார். புகார் உண்மையென்றால் நாயை அன்றே திரும்ப எடுத்துக்கொள்வோம்.”

அடுத்து ஒரு ஞானஸ்நான விருந்துக்கு அழைப்பு வாசித்தார்.

ஓட்டிலி அப்போது அடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. களி அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. ஆற்றிலிருந்து மலை வரைக்கும் வானொலி வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு விதவையின் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டது. ஆனால் அவளைச் சுட்டது அதுவல்ல. கடைசி வாக்கியம்தான். நாயை எடுத்துக்கொள்வோம்.

வெளியே வந்தாள். காற்றாலைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, தொட்டியருகே முள்மரம், மரத்தடியில் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, தானும் இன்னொரு ஆடு என்றே நினைத்துக்கொள்கிற மாதிரி, கவுன்சிலர் என்கிற அந்த நாய் படுத்திருந்தது. காய்ந்த புல்லின் நிறம், கரி பூசிய முகம், எழுந்து நின்றால் முதுகு ஓட்டிலியின் இடுப்புக்கு வரும். அவளைப் பார்த்ததும் வாலால் தரையில் அடித்துப் புழுதி கிளப்பியது. ஆனால் எழுந்து வரவில்லை. பகலில் அது ஆடுகளை விட்டு நகராது. அந்தப் பெயரை வைத்தவன் அவள் புருஷன் கோத்லீப். குட்டி வந்திறங்கிய அன்றைக்கு, “வந்தான், தின்னான், தூங்கிட்டான். இனி அடுத்த தேர்தலுக்குத்தான் எழுந்திருப்பான்” என்றான்.

பட்டியைச் சுற்றிக்கொண்டு ஹில்டா ஓடி வந்தாள். ஓட்டிலியின் கொழுந்தன் எராஸ்துஸின் மனைவி. அவர்கள் வீடு காற்றாலைக்கு அந்தப் பக்கம்.

“அக்கா, வானொலி கேட்டியா?”

“காது இருக்கே.”

“கோரிக்காஸ் டவுன் வரைக்கும் கேட்டிருப்பாங்க. எங்க அண்ணி இந்நேரம் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, ‘எனக்கு உறவுதான், எனக்கு உறவுதான்’னு சொல்லிக்கிட்டு இருப்பா.”

“எந்தப் பக்கமாப் படுக்குதுங்கறதையும் சேர்த்து வாசிச்சிருக்கலாம். அது ஒண்ணைத்தான் விட்டுட்டாங்க.” ஓட்டிலி அவள் முகத்தைப் பார்த்தாள். “யாரு குடுத்த புகார்?”

ஹில்டா செருப்பில் ஒட்டிய புழுக்கையைத் தரையில் தேய்த்தாள். “உன் கொழுந்தன்தான். வேணாம்னேன். நான் சொல்லி அந்த மனுஷன் எதைக் கேட்டிருக்கு?”

ஓட்டிலிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். கோத்லீப் காலத்திலிருந்தே இரண்டு குடும்பத்து ஆடுகளுக்கும் ஒரே பட்டி. போன மாதம் காற்று ஊளையிட்ட ஓர் இரவில் கட்டிலில் கிடந்த கவுன்சிலர் தலை தூக்கி உறுமியது. “காத்துடா, படு” என்று அவள்தான் அதன் காதைப் பிடித்து அழுத்தினாள். விடிந்து பார்த்தால் வேலியடியில் நரி தோண்டிய பள்ளம். எராஸ்துஸின் குட்டி ஒன்றைக் காணோம். நாய்க்குத் தெரிந்திருந்தது. தடுத்தவள் அவள். அந்த உறுமல் இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

சங்கம் நாயைக் கொடுக்கும்போதே சட்டத்தைச் சொல்லித்தான் கொடுத்தது. குட்டியைப் பட்டியில் விடு. ஆட்டு வாசனையில் வளரட்டும். கொஞ்சாதே, தூக்காதே, வீட்டுக்குள் விடாதே. ஆடுதான் தன் சாதி என்று அது நம்ப வேண்டும். கோத்லீப் அதற்குப் பட்டியின் மூலையில் தகரப் பெட்டி வைத்து வைக்கோல் போட்டான். அதே வாரத்தில், எங்கள் பக்கத்தில் குளிர் உச்சத்துக்குப் போகும் ஜூலை மாதத்தில், தொட்டிக் குழாயைத் திருப்பப் போனவன் குழாயைப் பிடித்தபடியே சரிந்தான்.

அடக்கம் முடிந்து, ஜெபம் முடிந்து, வந்தவர்கள் கழுதை வண்டிகளில் திரும்பிப் போன பிறகு வீட்டுக்குள் ஓட்டிலி அழுதாள். பட்டிக்குள் தாயைப் பிரிந்து வந்த குட்டி அழுதது. நடுவே ஒரு தகரச் சுவர். இரண்டு பேர் ஒரே துக்கத்தைத் தனித்தனியாக எதற்கு அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

குட்டி கால்மாட்டில் ஒரு தொப்பி அளவுக்குச் சுருண்டது. பிறகு வளர்ந்தது. வளர்ந்துகொண்டே இருந்தது. கோத்லீப்பின் பாதியை நிரப்பியது. பிறகு ஓட்டிலியின் பாதியிலும் கை வைத்தது. படுக்கும்போது கால்மாட்டில் நல்ல பிள்ளையாகப் படுக்கும். விடியும்போது தலையணையில் அதன் தலை இருக்கும், கட்டில் சட்டத்தின் விளிம்பில் அவள் தொங்கிக்கொண்டிருப்பாள். கம்பிவலை அதன் பக்கம் குழிந்துவிட்டதால் அவள் எப்படிப் புரண்டாலும் அதன் வயிற்றில் போய்த்தான் முட்டுவாள். கனவில் நரியைத் துரத்தி அவள் முதுகில் உதைக்கும். மூச்சில் ஆட்டு நஞ்சுக்கொடி நாறும். குறட்டையில் கோத்லீப்பைத் தோற்கடித்துவிட்டது. கையை மட்டும் அதன் கழுத்து மயிருக்குள் விட்டால், அங்கே ஒரு பெரிய நிதானமான இதயம் அடித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டிலி இத்தனை நாள் தூங்கினாள்.

வெயில் தாழ எராஸ்துஸ் கைத்தடியோடு வந்தான். உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அண்ணி, போனது என் குட்டி.”

“தெரியும். தப்பு என்னுது. என் பெட்டைக்குட்டியில எது வேணுமோ பிடிச்சுக்கன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். நீதான் பிடிக்கல.”

“குட்டிப் பேச்சு இல்ல இப்ப. நாய் பேச்சு. சங்கத்துக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நாய் எங்கிட்ட இருக்கட்டும். நாய் இல்லாம உன்னால ஆடு வச்சுக்க முடியாது. ஆட்டையும் நானே பாத்துக்கறேன். நீ வால்விஸ்பேயில மக வீட்டுக்குப் போ. கடல் காத்து உடம்புக்கு நல்லது.”

“ம். காத்து வரைக்கும் யோசிச்சுட்ட.”

மகள் வீட்டில் சமையலறை மூலையில் ஒரு மடக்குக் கட்டில் அவளுக்காக இருந்தது. அதைச் சொல்லித்தான் மகளும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிடுகிறாள். நாய் போனால் ஆடு போகும். ஆடு போனால் ஸ்பார்வாட்டர் போகும். மிஞ்சுவது அந்த மடக்குக் கட்டில். எராஸ்துஸ் கெட்டவன் இல்லை. நேர்க்கோட்டில் யோசிக்கிறவன், அந்தக் கோடு தன் பட்டியில் போய் முடிந்தால் சந்தோஷப்படுகிறவன்.

“ஊரு சிரிக்குது, அண்ணி. நாயைக் கட்டில்ல ஏத்துறது நம்ம ஜனங்க பழக்கமா? நீ என்ன வெள்ளைக்காரச் சீமாட்டி ஆயிட்டியா?”

ஓட்டிலி தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாள். அவள் அப்படி நிதானமாக ஒரு பொருளைக் கீழே வைத்தால் கோத்லீப் எழுந்து வெளியே போய்விடுவான். எராஸ்துஸுக்கு அது தெரியாது.

“எராஸ்துஸ், நான் சிறுசா இருந்தப்ப அவுட்யோ பக்கம் பண்ணையில வேலைக்கு நின்னேன். அங்க இருந்த வெள்ளைக்கார அம்மா கட்டில்ல ஒரு நாய் படுக்கும். கன்னுக்குட்டி மாதிரி. அது படுத்த விரிப்பைத் துவைச்சவ நான். மயிரை ஒண்ணொண்ணாப் பொறுக்குவேன். அந்த வீட்டு நாற்காலியில நான் உக்காரக் கூடாது. என் டம்ளர் ஜன்னலுக்கு வெளியில இருக்கும். ராத்திரி பின்னாடி தகரக் கொட்டகையில, சிமென்ட் தரையில. நாய்க்குக் கட்டிலு, எனக்குத் தரை.”

“அதத்தான் நானும் சொல்றேன். அந்தப் புத்தி உனக்கு எதுக்கு?”

“நீ சொல்றது அது இல்ல. எனக்கு நாய் மேல கோபம் வரல. நாய் என்ன பண்ணும்? கட்டில் யாருதுங்கறதுதான் என் கோபம். இந்தக் கட்டில் என்னுது. உங்க அண்ணன் கழுதை வண்டியில கட்டிக்கிட்டு ரெண்டு ராத்திரி வழியில தங்கிக் கொண்டாந்து போட்டது. இதுல யாரை ஏத்துறது, யாரை இறக்குறதுன்னு நான் சொல்லுவேன். இப்ப நீ உக்காந்திருக்கியே நாற்காலி, அதையும் நான் சொல்லுவேன். எந்திரி.”

எராஸ்துஸ் எழுந்தான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, “வெள்ளிக்கிழமை பாப்போம்” என்றான்.

வியாழக்கிழமை காலையில் ஹில்டா வாளியும் துடைப்பமுமாக வந்து நின்றாள். புருஷன் பக்கமும் பேசாமல் ஓரகத்தி பக்கமும் பேசாமல் அவள் இரவெல்லாம் யோசித்திருக்கிறாள் என்பது கண்ணில் தெரிந்தது.

“கம்பளியை உதறிடலாம். மயிரைக் கூட்டிடலாம். நாய் பட்டியிலதான் தூங்குதுன்னு நான் பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்.”

“உன் கை அதுக்கா இருக்கு? ஊரே கேட்டாச்சு. இனிமே பொய் சொன்னா அந்த நாய்கூட என்னை மதிக்காது.” ஓட்டிலி பட்டியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், மறுபடி பட்டியைப் பார்த்தாள். “எராஸ்துஸ் சொல்றதுல ஒண்ணு நியாயம். ஆடு பட்டியில, நாய் கட்டில்லன்னா நரிக்குத்தான் கொண்டாட்டம். நாய் பட்டியிலதான் தூங்கணும்.”

“அப்ப விட்டுடப் போறியா அக்கா?”

“யாரு விட்டா? கோத்லீப்போட பெட்டியில திருகு சாவி இருக்கும், எடு.”

ஹில்டாவுக்குப் புரியவில்லை. ஓட்டிலி மெத்தையைச் சுருட்டிக் கட்டி, கட்டிலின் தலைமாட்டுத் திருகைக் கழற்ற ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று மிரண்டாள்.

“அக்கா, பட்டிக்குள்ளயா? ஆட்டு மூத்திரத்துலயா? ஜனங்க உன்னைப் பைத்தியம்னு சொல்லுவாங்க.”

“இதுவரைக்கும் என்ன சொன்னாங்க? அந்தப் பக்கம் பிடி.”

துருவேறிய திருகுகளுக்கு ஆட்டுக் கொழுப்பு தடவிக் கழற்றினார்கள். தலைமாடு, கால்மாடு, சட்டம், கம்பிவலை என்று ஒவ்வொன்றாக இரண்டு பெண்களும் புழுதியில் தூக்கிப் போனார்கள். பட்டி வாசலில் கம்பிவலை சிக்கிக்கொண்டது. எதிர் வீட்டு வாசலில் எராஸ்துஸ் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்தான். உதவிக்கும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை.

“உன் புருஷன் பாக்குறான்டி,” என்றாள் ஓட்டிலி.

“பாக்கட்டும். இத்தனை வருஷமா அந்த ஆளோட ஒரே கட்டில்ல படுத்தவ நான். நாய் எவ்வளவோ தேவலைன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் தூக்கு.”

தகரப் பெட்டி இருந்த மூலையில், பட்டியின் உயர்ந்த மேட்டில், கட்டில் நின்றது. மேலே பழைய கொட்டகைத் தகரத்தை நான்கு கம்புகளில் நிறுத்தினார்கள். கடைசியாக, மண்ணால் மட்டும் மூடியிருந்த நரிப் பள்ளத்தை இருவரும் கல் வைத்து அடைத்தார்கள். பொழுது சாய்ந்து ஆடுகள் திரும்பின. முதல் ஆடு கட்டிலைப் பார்த்து நின்றது. இரண்டாவது ஆடு அதன் மேலேயே ஏறிவிட்டது. பின்னால் வந்த கவுன்சிலர் கட்டிலை முகர்ந்தது, காலை முகர்ந்தது, மெத்தையை முகர்ந்தது. இடம் மாறினாலும் உடைமை மாறவில்லை என்று தெரிந்ததும், ஏறியிருந்த ஆட்டை மூக்கால் தள்ளிவிட்டு, தன் பாதியில் படுத்தது. ஓட்டிலி தன் பாதியில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். மானத்துக்காக அல்ல. கோத்லீப் போட்ட இடத்திலிருந்து கட்டில் முதல்முறையாக நகர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஜனம் வந்துவிட்டது. வானொலியில் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கழுதை வண்டிகளை வேலியோரம் நிறுத்தி, எண்ணெயில் பொரித்த மாவுருண்டையும் தேநீருமாக உட்கார்ந்திருந்தார்கள். பொரித்து விற்றவள் ஹில்டா. பின்னால் இரும்புக் கூண்டு வைத்த வெள்ளை வண்டி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் ஜனம் எழுந்து நின்றது.

இறங்கியவன் பெயர் ஷிகோங்கோ. வடக்கத்திக்காரன், சின்ன வயசு, தொப்பியைக் கழற்றி வணங்கினான். “ஓட்டிலி அம்மா வீடு இதானே?”

எராஸ்துஸ் முன்னால் வந்தான். “இதான். ஆனா அவங்க உள்ள இல்ல.” பட்டியைக் காட்டினான். காட்டும்போது அவனுக்கே சங்கடமாக இருந்தது.

ஷிகோங்கோ வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். ஆடுகளுக்கு நடுவே ஓர் இரும்புக் கட்டில். கட்டிலில் கம்பளி போர்த்திய ஒரு பெண். அவள் காலருகே மூன்று குட்டிகள். அவள் பக்கத்தில், தலையணையில் தலை வைத்து, அவன் சங்கத்து நாய்.

“வாங்க தம்பி,” என்றாள் ஓட்டிலி, எழுந்து உட்கார்ந்து. “நாய் ஆட்டோட தூங்கணும்னு சொன்னீங்க. தூங்குது. வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னீங்க. வரல. நான் எங்க தூங்கணும்னு உங்க சங்கத்துல சட்டம் இருக்கா?”

வேலியோரம் ஒரு கிழவர் சிரித்து இருமினார்.

“முன்னாடி வீட்டுக்குள்ள தூங்குச்சா, அம்மா?”

“தூங்குச்சு. அதனால ஒரு குட்டி போச்சு. என் தப்பு. அதான் கட்டிலை இங்க கொண்டாந்தேன்.”

ஷிகோங்கோ உள்ளே வந்து நாயின் பல், காது, பாதம் எல்லாம் பார்த்தான். கவுன்சிலர் தன் முழுப் பாரத்தையும் அவன் மேல் சாய்த்துக்கொண்டு, அவன் காதை நக்கியது. அவன் தடுமாறி வேலியைப் பிடித்தான். முகத்தில் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கட்டில் எங்க இருக்குங்கறது இல்ல விஷயம். நாய் மனசு யாருகிட்ட இருக்குங்கறதுதான். உங்களுக்காக இங்க தூங்குதா, ஆட்டுக்காகத் தூங்குதா? நீங்க இருக்குற இடத்துலதான் அது இருக்கும்னா, இது காவல் நாய் இல்ல. வளர்ப்பு நாய். நான் கொண்டுபோய்த்தான் ஆகணும்.”

“அதை எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?”

“நீங்க எந்திரிக்காதீங்க. படுத்தே இருங்க. நாங்க ஆட்டைத் திறந்து விடறோம். அது யாரோட போகுதுன்னு பாப்போம். கூப்பிடக் கூடாது. போன்னும் சொல்லக் கூடாது.”

ஓட்டிலி படுத்தாள். தினமும் விடிந்ததும் கதவைத் திறப்பவள் அவள். அவள் திறந்து, அவள் முன்னால் நடந்து, தொட்டி வரைக்கும் போன பிறகுதான் ஆடுகளும் நாயும் மேய்ச்சலுக்குப் பிரியும். அவள் படுக்கையில் கிடக்க ஆடு மட்டும் போன நாள் ஒன்றுகூட இல்லை. அவள் காய்ச்சலாகக் கிடந்த நாளிலும் ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

எராஸ்துஸ் கதவைத் திறந்தான். ஆடுகள் மணியோசையோடு வெளியேறின. கட்டிலில் இருந்த குட்டிகள் குதித்து ஓடின. கவுன்சிலர் கீழே இறங்கி நின்றது. ஆடுகளைப் பார்த்தது. ஓட்டிலியைப் பார்த்தது. வால் ஒருமுறை அசைந்து நின்றது. எழுந்திரு, நேரமாச்சு, என்று அந்தக் கறுத்த முகம் கேட்டது.

அவள் எழவில்லை. அது வந்து அவள் கன்னத்தில் மூக்கை வைத்தது. ஈரமான, குளிர்ந்த மூக்கு. கை தன்னால் எழுந்தது. அதன் கழுத்து மயிருக்குள் போய்விடத் துடித்தது. ஓட்டிலி அந்தக் கையை மற்றொரு கையால் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுப்பது போல வேலிப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். ஊரே பார்க்க, தன்னை நேசித்த ஒரே உயிருக்கு முதுகு காட்டினாள். போ, என்று மனசுக்குள்ளும் சொல்லவில்லை. சொன்னால் அதற்குக் கேட்டுவிடும் என்று பயந்தாள்.

தூரத்தில் ஆட்டுமணி தேய்ந்துகொண்டே போனது.

பிறகு கம்பளிக்கு வெளியே இருந்த அவள் குதிகாலைச் சூடாக ஒரு நாக்கு நக்கியது. அதன் பிறகு பெரிய பாதங்கள் புழுதியில் அடித்து ஓடும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஹில்டாவின் குரல்தான் பார்த்துச் சொன்னது.

“போயிடுச்சு அக்கா. ஆட்டுக்கு முன்னாடி போய் நிக்குது.”

வேலியோரம் சத்தம் கிளம்பியது. ஓட்டிலி தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அது தன்னை விட்டுப் போனதற்காக அழுதாள், போனதால் தன்னோடே இருக்கப் போகிறது என்பதற்காகவும் அழுதாள். எதற்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஷிகோங்கோ கூண்டுக் கதவைச் சாத்தினான். “நாய் நல்லா இருக்கு. வேலையும் தெரியுது. கட்டிலைப் பத்தி நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல, எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க.” வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்து, “மழை வந்தா என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டான்.

“இந்தப் பக்கம் மழை வந்தா, தம்பி, ஊரே என் பட்டிக்குள்ள வந்து நனைஞ்சு ஆடும். நான் ஒருத்தி நனையறதா பெருசு?”

எராஸ்துஸ் வேலியில் கை ஊன்றி நின்றான். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது அவனுக்கு. கடைசியில், “கூரைத் தகரம் ஆடுது அண்ணி. காத்துல பறந்துடும்” என்றான்.

“சுத்தியல் உங்க அண்ணன் பெட்டியில இருக்கு,” என்றாள் ஓட்டிலி. “பெட்டைக்குட்டியையும் பிடிச்சுக்கிட்டுப் போ. இனிமே நான் உனக்குக் கடன்காரி இல்ல.”

அவன் சுத்தியலை எடுத்து வந்து தகரத்தை அடித்தான். ஹில்டா கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்து, “இதுல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா அக்கா?” என்றாள். எராஸ்துஸ் சுத்தியலை நிறுத்திவிட்டு முறைத்தான்.

“இல்லடி. குட்டிங்க மூணும் வரிசையில நிக்குது.”

அடுத்த புதன்கிழமை மத்தியானம் வானொலியில் மறுபடியும் அவள் பெயர் வந்தது. இந்த முறை சேதி அனுப்பியவள் அவளே. கோரிக்காஸ் போன வண்டிக்காரனிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாசிக்கிறவர் இந்தத் தடவை குரலை மாற்றாமலிருக்கப் பாடுபட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

“ஸ்பார்வாட்டர் ஓட்டிலி காவோசெஸ் உற்றார் உறவினருக்கும், சிரித்தவர்களுக்கும், வால்விஸ்பேயிலிருக்கும் மகளுக்கும் தெரிவிப்பது. நான் எங்கும் போகவில்லை. என்னைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம், பட்டிக் கதவைத் தட்டவும். முதலில் நாய் வரும். அது நக்கி முடித்த பிறகு நான் வருவேன்.”